பூஜையில் வைத்த துப்பாக்கி

மழை வருகிறது என்று யாராவது சொன்னால் அவர் நம்பமாட்டார். ஜன்னலுக்குப் போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் இரண்டு துளி விழுந்த பிறகுதான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப மணி அடிக்கச் சொல்வார். அதற்குள் பாதிப் பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நிற்கும். ஆரணியில் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரில் இருந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை அவர். பிள்ளைகளும் பெற்றோரும் பெரிய டீச்சர் என்பார்கள். நான் அவரிடம் படித்ததில்லை. ஆனாலும் எனக்கும் அவர் பெரிய டீச்சர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, ஆபரேட்டர் வேலையை இங்கே மாற்றிக்கொண்டு வந்தேன். என் போர்டுக்கு இடது பக்கம் இருந்த ஜன்னலில் பள்ளிக்கூட மைதானம் முழுக்கத் தெரியும். கால் வராத நேரங்களில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பள்ளியில் போன் கிடையாது. வேலூருக்கு டிரங்க் கால் போட வேண்டுமென்றால் பெரிய டீச்சர் ரோட்டைத் தாண்டி எங்களிடம் வருவார். லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரங்களில்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

“நீ பாத்தியா?” இதுதான் அவருடைய வார்த்தை. ஒரு பையன் அழுதுகொண்டு வந்து, டீச்சர் இவன் என் பலப்பத்தை எடுத்துக்கினான் என்பான். நீ பாத்தியா என்று கேட்பார். இல்லை, அந்தப் பெண் சொன்னாள் என்பான். அப்படியானால் அவள் வரட்டும் என்பார். வந்தவளும் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்கு வேறு ஒருத்தி சொல்லியிருப்பாள். இப்படி ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்து நின்று முடிக்கும்போது, பலப்பம் அழுதவனுடைய சட்டைப் பையிலேயே இருக்கும். அவனை அவர் திட்டமாட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஒரு முறை பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து பார்க்காததைச் சொல்வதையே அந்தப் பள்ளியின் பிள்ளைகள் விட்டிருந்தார்கள்.

சேவூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பத்து நாளாகக் காணவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று அவள் அப்பா சொல்லி அனுப்பினார். வருகைப் பதிவேட்டில் அதை எழுதிவிட்டுப் போவது மற்ற டீச்சர்களுடைய பழக்கம். இவர் சாயங்காலம் டவுன் பஸ் பிடித்துப் போனார். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. இவர் நுழைந்தார். பெண் தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டுப் புடவையின் கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை.

அம்மை எங்கே என்று கேட்டிருக்கிறார். “இப்பதாங்க டீச்சர் எறங்கிச்சு, காலையில” என்றாராம் அந்த அப்பா. “சரி, அந்த வேப்பிலையயும் எறக்கிடு. அது இன்னா பாவம் பண்ணிச்சு” என்று சொல்லிவிட்டு, ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். அவள் கால் இவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு ஸ்லேட்டைவிட நாடா சீக்கிரம் கைக்கு வந்துவிடும், அதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். நான் அவரை நேசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளியின் தாளாளர் ஒரு பட்டு வியாபாரி. சுற்றுப்பட்ட தெருக்களில் பாதி வீடுகள் அவருக்குத்தான் நெய்தன. அதனால் பள்ளியிலும் அவரை முதலாளி என்றே சொல்வார்கள். தேவிகாபுரம் பக்கத்தில் அவருக்கு வேர்க்கடலை நிலம் இருந்தது. பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று எப்போதும் அவர் காரின் பின்சீட்டில் கிடக்கும். கெட்டவர் இல்லை. பள்ளிக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர், வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி கொடுத்தவர். துப்பாக்கியை அவர் குடையைப் போலக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்.

ஒரு நாள் இடைவேளை நேரத்தில் மைதானத்துப் புளியமரத்தில் குரங்குக் கூட்டம் இறங்கியது. முதலாளி காரை விட்டு இறங்கி, வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். குரங்குகள் போய்விட்டன. முந்நூறு பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஓடி விழுந்து கத்தியதை நான் ஜன்னலில் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குப் பல் போயிற்று. பெரிய டீச்சர் ஆபீஸ் அறையிலிருந்து நேராக நடந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினார். முதலாளி சிரித்தார். கை மடங்கவில்லை. கடைசியில் கொடுத்தார். பெரிய டீச்சருடைய அப்பா ஜவ்வாது மலையில் காட்டிலாகாவில் இருந்தவர். துப்பாக்கி இவருக்குப் புதிது இல்லை. நடுவில் மடக்கித் திறந்து, மிச்சம் இருந்த தோட்டாவை எடுத்துச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு துப்பாக்கியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம் கூட்டினார். படித்த பெண் ஒருத்தி தீர்மானத்தை நன்றாக எழுதித் தரட்டும் என்று என்னையும் கூப்பிட்டார். எனக்கு அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் எழுதினேன். நெய்யும் வீட்டுப் பெற்றோர் முதலாளி எதிரில் வாய் திறக்கவில்லை. பெரிய டீச்சர் எழுந்து பேசினார்.

“ஐயா, ஓட்டு போடற அன்னிக்கு இதே ஸ்கூலு பூத்து. அன்னிக்கு இந்த கேட்டாண்ட துப்பாக்கி வந்தா போலீஸ் புடிச்சுகினு போவுது. தேர்தலு வந்தாலே நீங்க ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டுத்தான வர்றீங்க? ஓட்டுப் பெட்டிக்கு இருக்கிற காவலு பெத்த புள்ளைங்களுக்கு வேணாங்களா?”

பள்ளி எல்லைக்குள் எந்த நாளிலும் எவரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று எழுதினேன். அப்போதுதான் முதலாளி, தன் அப்பா காலத்திலிருந்து அந்தத் துப்பாக்கியைப் பள்ளியின் ஆயுத பூஜையில் வைத்துக் கும்பிடுவது வழக்கம், அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுங்கள் டீச்சரம்மா என்றார். கேட்கும்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை. பூஜை என்று சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். பெரிய டீச்சர் யோசித்தார். பூஜைக்கு வைக்கும் முன்னால் தலைமையாசிரியை தன் கையால் துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த வரியும் என் கையெழுத்துதான்.

அது முதல் ஒவ்வொரு ஆயுத பூஜை அன்றும் ஒரு சடங்கு போல அது நடந்தது. கார் டிரைவர் துப்பாக்கியைக் கொண்டுவருவார். பெரிய டீச்சர் மடக்கித் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குழல் வழியாகவும் பார்ப்பார். “திருமலை தெரியுதுங்க ஐயா, வெக்கலாம்” என்பார். குழல் காலி என்று அர்த்தம். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அது ஹார்மோனியம், பூகோள உருண்டை, பள்ளி மணி, பிள்ளைகளின் புத்தக அடுக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து சந்தனம் வைத்துக்கொள்ளும். சில வருஷங்கள் நானும் போய்ப் பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கியைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததே இல்லை. அவர் பார்த்துவிட்டார் என்றால் பார்த்ததுதான்.

என் மகளுக்கு ஐந்து வயதானது. விஜயதசமியன்று அவளை அந்தப் பள்ளியில்தான் சேர்ப்பது என்று எனக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது. என் கணவர், நம் வீட்டுப் பக்கத்தில் இன்னொரு பள்ளி இருக்கிறதே என்றார். பெரிய டீச்சர் கையைப் பிடித்து அவள் முதல் எழுத்து எழுத வேண்டும் என்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் பூஜைக்குப் போயிருந்தேன். பெரிய டீச்சர் தாமதமாக வந்தார். மறுநாள் சேர்க்கைக்காகத் தறி வீடுகளில் ஏறி இறங்கி, நான்கு பிள்ளைகளுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு வேர்க்க வேர்க்க வந்தார். அதற்குள் நேரம் போகிறதென்று குருக்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தீபாராதனையே காட்டிவிட்டார். துப்பாக்கி சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதற்குச் சாமந்தி மாலை.

பெரிய டீச்சர் அதனிடம் போய்க் கையை நீட்டினார். குருக்கள், பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை அசைக்கக் கூடாதே என்றார். டிரைவர், முதலாளியே காலி செய்துதான் கொடுத்தார் டீச்சர் என்றார். நீட்டிய கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். பார்த்துவிடுங்கள் டீச்சர் என்று நான் சொல்லியிருக்கலாம். நாளைக்குக் குழந்தையைச் சேர்க்கப் போகிறோம், இன்றைக்குப் பூஜையைக் கலைப்பானேன் என்று எனக்கும் தோன்றியது. அவர் கையை இழுத்துக்கொண்டு கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்திருக்கிறேன். அந்த ஒரு தடவைக்காக அவரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அது நானும் செய்த தப்பு. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பூஜை அறைக்குள் அழைத்துப் போவது பெரிய டீச்சருடைய முறை. அம்மா முகம் தெரிந்தால் பிள்ளை அழும் என்று எங்களை வராந்தாவிலேயே நிறுத்திவிடுவார். முதல் ஐந்தில் என் மகள். மறுபூஜை முடிந்த மணிச் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே தட்டில் பச்சரிசியைப் பரப்பும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம்.

கதவு திறந்தது. நான்கு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கடைசியாகப் பெரிய டீச்சர் என் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் முழங்கையால் கதவை இழுத்துச் சாத்தினார். என் கண்ணுக்குக் குழந்தையின் இடது புருவத்தில் வழிந்த ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடி வந்து, மாலையைக் கழற்றினேன், சாய்ந்துவிட்டது, விழுந்துவிட்டது என்று என்னிடம் அழுதார். அவர் காலையில் அழுதுகொண்டே சொன்ன அந்த வார்த்தைகள்தான் எனக்குத் தெரிந்த முழு உண்மை. மறுநாள் அவர் அதைச் சொன்னதாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

முதலாளியின் காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெரிய டீச்சருக்கு அவளை என்னிடம் கொடுக்க மனம் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி வழியில்தான் இருந்தது. கார் அதைத் தாண்டி ஒரு தனி டாக்டர் வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். தனி டாக்டர் என்றால் வரிசையில் நிற்க வேண்டாம், உடனே பார்ப்பார், அந்த நிலையிலும் என் குழந்தைக்காக இவர் யோசிக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. துப்பாக்கிக் காயம் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் போலீசுக்கு எழுதி அனுப்புவார்கள் என்பது பல நாள் கழித்துத்தான் என் புத்தியில் ஏறியது.

ஈயக் குண்டுகள் சுவரில்தான் பாய்ந்திருந்தன. தெறித்த காரைத் துண்டு புருவத்தைக் கிழித்திருந்தது. நான்கு தையல். ஆனால் இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. வேலூரில் காது டாக்டர் இரண்டு தடவை பரிசோதித்துவிட்டு, நரம்பு போய்விட்டது என்றார். ஐந்து வயதுக் குழந்தை, கூப்பிடும் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நடு வீட்டில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாதக்கணக்கில் ஒரு டம்ளர் விழுந்தாலும் அலறினாள். அவள் எதிரில் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் பேசவில்லை.

இரண்டாம் நாளே தெருவில் பேச்சு மாறியிருந்தது. தீபாவளிக்கு வாங்கிய வெடியை யாரோ ஒரு பிள்ளை பையில் கொண்டுவந்து கற்பூரத்தில் போட்டுவிட்டதாம். உள்ளே இருந்த மற்ற நான்கு பிள்ளைகளும் வெடி என்றே சொன்னார்கள். அந்த நான்கு வீட்டிலும் முதலாளி நெய்யக் கொடுத்த பாவு நூல் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. யார் என்ன சொன்னால் என்ன, பெரிய டீச்சர் உள்ளே இருந்தார். பார்த்தவர் அவர்.

ஆறாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். பதினொரு மணி இருக்கும். முதலாளி வீட்டு நம்பரிலிருந்து வேலூர் கல்வி அதிகாரி ஆபீசுக்கு டிரங்க் கால் கேட்டார்கள். லைன் சேர்த்ததும், இரண்டு பக்கமும் குரல் தெளிவாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் சில விநாடி கேட்க வேண்டும். பிறகு விலகிவிட வேண்டும். பெரிய டீச்சரின் குரல் கேட்டது.

“பட்டாசுங்க சார். துப்பாக்கி கிப்பாக்கி ஒண்ணும் இல்லீங்க. அது மொத நாள் ராத்திரியே ஐயா வூட்டுக்குப் போயிடுச்சுங்க.”

நான் போர்டில் பேச்சைக் கேட்கும் சாவியை மேலே தள்ளி விலகினேன். எவ்வளவு பேசினார்கள் என்பதைக் குறிக்கும் சீட்டில் நேரத்தைக்கூட எழுத மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். கேட்டதை வெளியில் சொன்னால் வேலை போய்விடும். வேலையைவிட, நான் கேட்டது அவர் குரல் இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அன்று முழுக்கத் தவித்தேன்.

என் கணவர் மின்வாரியத்தில் இருந்தார். நாங்கள் இருவருமே முதலாளியின் கையை எதிர்பார்க்கும் நிலையில் இல்லை. அதனால் எங்களால் மனு எழுத முடிந்தது. மனுவில் ஒன்றுதான் கேட்டேன். நடந்ததைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தால் கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வரும், பூஜை என்றும் வழக்கம் என்றும் சொல்லி எந்தப் பள்ளிக்குள்ளும் இனி துப்பாக்கி வராது. கல்வி அதிகாரி விசாரணைக்கு வந்தார். தலைமையாசிரியையின் அறை. முதலாளி, குருக்கள், டிரைவர், பெரிய டீச்சர், நான். வரும்போதே பூஜை நடந்த அறையை எட்டிப் பார்த்தேன். சுவரில் புதுச் சுண்ணாம்பு காயாமல் இருந்தது.

குருக்களும் டிரைவரும் வெடி என்றார்கள். நான் துப்பாக்கி என்றேன். முந்தின நாள் மாலை அதைப் பூஜையில் பார்த்தேன் என்றேன். முதலாளி, அதை இருட்டுவதற்குள் எடுத்துப் போய்விட்டோமே என்றார். அதிகாரி பெரிய டீச்சரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கடுமையே இல்லை. மைதானத்தில் பிள்ளைகளிடம் கேட்கும் அதே குரல்.

“நீ பாத்தியாம்மா?”

நான் வராந்தாவில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. சத்தம் கேட்டேன், ரத்தம் பார்த்தேன். துப்பாக்கி விழுந்ததை நான் பார்க்கவில்லை. இல்லை டீச்சர் என்றுதான் என் வாயில் வந்தது. பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதுவும் அவரிடம். அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலைமையாசிரியை பார்த்தாரா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் படியிறங்கும்போது பெரிய டீச்சர் பின்னாலேயே வந்தார். நான் திரும்பிப் பார்க்காமல், பாப்பாவுக்குக் காது போயிடுச்சு டீச்சர் என்றேன்.

“தெரியும்மா.”

“துப்பாக்கிய நிறுத்துங்கன்னுதான கேட்டேன். ஸ்கூல மூடுங்கன்னு கேக்கலியே.”

“நடந்துச்சுன்னு எழுதினா மூடிடுவாங்க. அங்கீகாரம் போயிடும். உம் பொண்ண நீ எங்கன்னா சேத்துடுவ. எங்கிட்ட இருக்கிற பொண்ணுங்க எங்க போவும்? அத்தினியும் தறிக்குழியில எறங்கிடும். நான் ஒண்ணொண்ணா இட்டுகினு வந்தது.”

“அப்ப துப்பாக்கி?”

அவர் புளியமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். “நடக்கலன்னு எழுதியாச்சு. நடக்காததுக்கு இன்னான்னு சொல்லி நிறுத்தறது?”

அவர் கேட்டது என்னை மடக்குவதற்காக இல்லை. அவருக்கே பதில் தெரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பத்து நிமிஷத்தில் மணி அடித்தது.

அவர் சொன்னபடியே ஆனது. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கும் துப்பாக்கி வந்தது. அதை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இந்த முறை பெரிய டீச்சர் சீக்கிரமே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். காரிலிருந்து வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு குழலுக்கு இரண்டு முறை பார்த்தார். திருமலை தெரிகிறது என்று சொன்னாரா என்று தெரியவில்லை. யாரும் சிரித்த மாதிரி இல்லை. அவரைப் போல ஜாக்கிரதையான டீச்சரைப் பார்க்க முடியாது என்று டிரங்க் கால் போட வந்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன். அந்த மாதமே ஜன்னல் தெரியாத வலது பக்கப் போர்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

மகளை வேறு பள்ளியில் சேர்த்தோம். பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார், சில வருஷத்தில் காலமாகியும் விட்டார். சாவுக்கு நான் போகவில்லை. அவர் தூக்கி வந்த அந்தச் சேவூர்ப் பெண் இப்போது நர்ஸ். அவரால் படித்தவர்கள் நிறையப் பேர். தெருவுக்கு ஒருத்தி இருப்பாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். பிறகு என் மகள் ரோட்டைத் தாண்டுவதைப் பார்ப்பேன்.

அந்தத் துப்பாக்கி இப்போது முதலாளியின் மகன் கையில் இருக்கிறது. பூஜைக்கு இன்னும் வருகிறது. குழல் வழியாகப் பார்க்க அங்கே இப்போது யாரும் இல்லை. புரட்டாசி பிறந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். விஜயதசமியன்று சேர்க்கப்போகும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கிடப்பேன். ஓட்டுப் போடும் நாளுக்கு இருக்கும் விதியைப் பள்ளிக்கூடத்துக்கு எல்லா நாளும் போடுங்கள் என்று வருஷா வருஷம் கலெக்டர் ஆபீசுக்கு எழுதுகிறேன். அப்படி ஒரு சம்பவம் பதிவாகவில்லை என்று வருஷா வருஷம் பதில் வருகிறது. போன வருஷம் அங்கே ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு, கண்ணால் பார்த்தவர் ஒருவர் வயது வந்தவராக இருந்து கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

இந்த ஆடியில் என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. மனுவைத் திருத்தமாக எழுதி, சாட்சி என்ற இடத்தில் அவள் பெயரையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம் நீட்டினேன். அவள் எதிரில் அந்த நாளைப் பற்றி நான் பேசுவது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து பொறுமையாகப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

“இன்னாம்மா இது? துப்பாக்கின்னு எழுதியிருக்குற?”

“துப்பாக்கிதாம்மா.”

“வெடிம்மா அது. நான் உள்ள இருந்தேனே. பெரிய டீச்சர் மடியில போட்டுகினு கார்ல சொல்லிகினே வந்தாங்க. ஒரு காதுல மட்டும் கேட்டுது. வெடிம்மா, வெறும் வெடி, வேற ஒண்ணுமில்ல, யாரு கேட்டாலும் வெடின்னு சொல்லுன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

பேனாவை மூடி, மனுவின் மேல் வைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

நான் முன்சீட்டில் இருந்தேன். என் அழுகைச் சத்தத்தில் பின்னால் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து அந்த டாக்டர் வீடு காரில் ஐந்து நிமிஷம்கூட இல்லை. என் குழந்தைக்கு ரத்தம் அப்போது நின்றிருக்கவே இல்லை.